இரவு எத்தனை மணிக்கு எழும்புகிறார்? இதயம் பலவீனமானவரின் நித்திரைக் குழப்பத்தைக் குறி பார்த்துச் சரிசெய்வது

அப்பா நித்திரை கொள்ளாததை நாங்கள் ஒரு வருத்தமாகவே எடுக்கவில்லை. வயது போனால் நித்திரை குறையும் என்று இருந்துவிட்டோம். ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீடு. இரவு ஒரு மணிக்கு விறாந்தையில் சாய்மனைக் கதிரை கிறீச்சிடும். "என்னப்பா?" என்றால் "ஒண்டுமில்லை, நீ படு" என்பார். இதயம் பலவீனம் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஈஎஃப் 30 என்றும் இருந்தது, அதாவது இதயத்தில் நிறைகிற இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 30 வீதம்தான் வெளியே போகிறது. மாதம் ஒரு தரம் போவோம், பிரஷர் பார்ப்பார்கள், குளிசை தருவார்கள். "எப்படி இருக்கிறீங்கள் ஐயா?" "பரவாயில்லை டொக்டர்." இரவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நான் டொக்டர் இல்லை. அப்பாவோடு நாலு வருடம் இரவு முழித்தவன், அவ்வளவுதான். அந்த நாலு வருடத்தில் கிளினிக்கில் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்ட விசயம் இது: இதயம் பலவீனமானவருக்கு நித்திரை கெட ஏழெட்டுக் காரணம் இருக்கிறது. எது என்பதை அவர் எழும்புகிற நேரமும் எழும்புகிற விதமும் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுப்பது, நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டுகிற வேலை. யானை வேலிக்குள் வந்திருக்கலாம்.

முதலில் அவசரம்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குகிறது. இருமினால் நுரை வருகிறது, அதுவும் இளஞ்சிவப்பாக வருகிறது. நெஞ்சு நோகிறது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. மயங்கி விழுந்தார், அல்லது ஆளைத் தெரியாமல் பேசுகிறார். அம்புலன்ஸ் வரும்வரை நேரே இருத்தி, காலைக் கீழே தொங்கவிடுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம். வேறு வாகனத்தில் ஏற்ற வேண்டி வந்தாலும் இருத்தியபடியே கொண்டு போங்கள். பின் சீற்றில் நீட்டிப் படுக்கவைத்தால் மூச்சு இன்னும் மோசமாகும்.

மூன்று இரவு பார்த்து எழுதுங்கள்

அவசரம் இல்லையென்றால் மூன்று இரவு பொறுங்கள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். எத்தனை தலையணை வைத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார், எழும்பியதும் முதலில் என்ன செய்தார், அதாவது இருந்தாரா, ஓடினாரா, காலை உதறினாரா, எவ்வளவு நேரத்தில் சரியானது. கூடவே விடிய நிறை. சலம் போன பிறகு, சாப்பிட முதல், ஒரே மாதிரி உடுப்போடு நிறுக்க வேண்டும். வீட்டில் தராசு இல்லாவிட்டால் பக்கத்து மில்லில் நெல் மூடை நிறுக்கிற தட்டுத் தராசு இருக்கும். அப்பா அதில் ஏறும்போதெல்லாம் மில்காரர் "ஐயா எத்தனை புசல்?" என்று பகிடி விடுவார். அந்தத் தராசு அரைக் கிலோ அங்கே இங்கே காட்டலாம். தினமும் அதே தராசாக இருந்தால் காரியமில்லை, கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் தேவை.

"படுத்தால் முட்டுது, எழும்பி இருந்தால் சரி"

படுத்துச் சில நிமிடத்திலேயே மூச்சு முட்டும், எழும்பி இருந்தால் சில நிமிடத்திலேயே இறங்கும். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதை இறைத்துத் தள்ள முடியாததால் சுவாசப்பையில் தேங்குகிறது. ஆட்கள் இதைத் தங்களுக்குத் தெரியாமலே சமாளித்துக்கொள்வார்கள். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு சாய்மனைக் கதிரை. அப்பா பாயில் இருந்து கட்டிலுக்கும், கட்டிலில் இருந்து கதிரைக்கும் போக ஐந்து மாதம் எடுத்தார். நாங்கள் காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தோம்.

தலையணை கூடியது என்றால் நீர் கூடியது என்று எடுங்கள். காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். செருப்பு வார் பட்ட இடத்தில் தடம் பதிந்திருக்கும். சாரம் வழக்கமாகச் செருகுகிற இடத்தில் இறுக்கும். நிறை மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த கிளினிக் திகதி மட்டும் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே போங்கள். சலம் போகிற குளிசையின் அளவைக் கூட்டுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

நீர் ஏன் கூடியது என்று தேடினால் அநேகமாக உப்பில் வந்து நிற்கும். ஒரு நாளைக்கு எல்லாமாக 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது மட்டும் கணக்கு இல்லை. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம், பஸ்ஸில் வாங்குகிற உப்புக் கச்சான் எல்லாம் அதற்குள் அடக்கம். கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டு அதே கோப்பையில் பொரித்த கருவாட்டை வைத்தால் என்ன பிரயோசனம்? கரையவிட்டுக் குடிக்கிற பனடோலிலும், வயிற்றெரிவுக்குக் கரைத்துக் குடிக்கிற பொடியிலும்கூட சோடியம் நிறைய உண்டு.

அடுத்தது நோக்குளிசை. முழங்கால் நோவுக்கு என்று ஒரு பாமசியில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் எடுத்துக் கொடுத்தார்கள், வேறு என்ன குளிசை போடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு கிழமை போட்டார். அந்தக் கிழமைதான் அவர் முதன்முதலாக விடியும்வரை கதிரையில் இருந்தார். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகைக் குளிசைகள் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். அதிமதுரம் சேர்ந்த கசாயமும் அளவுக்கு மிஞ்சினால் நீரைப் பிடிக்கும். நோவுக்குச் சாதாரண பரசிட்டமோல் கேளுங்கள்.

உப்பைக் குறைக்கிறோம் என்று கடையில் விற்கிற மாற்று உப்பு வாங்க வேண்டாம். அதில் இருப்பது பொட்டாசியம். லோசார்டன், ஸ்பைரோனோலக்டோன் போடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறக்கூடும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரகம் பழுதானவர்களும் குறைவில்லை, அவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. நாளுக்கு நாலு இளநீர் குடிப்பவர்களும் இதை டொக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

"நல்லா நித்திரை, திடீரென்று எழும்பி மூச்சுக்கு அந்தரப்படுறார்"

மேலே சொன்னதற்கும் இதற்கும் நேரத்தில் வித்தியாசம். படுத்து ஒன்று இரண்டு மணித்தியாலம் நன்றாகத்தான் போகும். பிறகு யாரோ கழுத்தை நெரித்ததுபோல் எழும்புவார், யன்னலைத் திறக்கச் சொல்வார், வியர்க்கும். சிலருக்கு நெஞ்சுக்குள் விசில் கேட்கும். எழும்பி இருந்தாலும் உடனே அடங்காது, கால் மணி, அரை மணித்தியாலம் எடுக்கும்.

இந்த விசிலை எங்கள் பக்கத்தில் "முட்டு", அதாவது ஆஸ்துமா, என்று சொல்லி பம்ப் அடிப்பார்கள். சின்ன வயதில் முட்டு இல்லாத ஒருவருக்கு அறுபது வயதில், அதுவும் இரவில் மட்டும் முட்டு வந்தால் முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள். ஒரு தரம் வந்து தானாக அடங்கினாலும் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விசயம் இது. அரை மணியில் அடங்காவிட்டால் விடியும்வரை பார்க்க வேண்டாம், 1990.

"இரவு நாலைந்து தரம் சலத்துக்கு எழும்புறார்"

எங்கள் வீட்டில் அதிகம் நித்திரையைத் தின்றது இதுதான். திருத்துவதற்கு மிகச் சுலபமாக இருந்ததும் இதுதான்.

முதலில் சலக் குளிசையின் நேரத்தைப் பாருங்கள். புரூசமைட்டைத்தான் சொல்கிறேன், லாசிக்ஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஆறு மணித்தியாலம் அளவில் ஓடும். அப்பாவின் பையில் "நாளுக்கு 2 முறை" என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் இரண்டு முறை என்றால் காலையும் இரவும்தானே. அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணிக்கு இரண்டாவதைப் போட்டுவிட்டுப் படுத்தார். ஒன்பதில் இருந்து இரண்டு மணிவரை அவருக்கும் நித்திரையில்லை, எங்களுக்கும் இல்லை. கிளினிக்கில் அந்த நேரத்தை நான் சொன்னதும் தாதி சிரித்தார். "ஐயோ தம்பி, ரெண்டாவதை மத்தியானம் ரெண்டு மணிக்குக் குடுங்கோ." அன்றிரவு இரண்டு தரம்தான் எழும்பினார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போடாமல் இருப்பது பொதுவான வழக்கம். ஆனால் கிளினிக்குக்கு பஸ்ஸில் போகிற அன்று குளிசையையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாங்குளம் வரையில் இறங்க இடமில்லை என்று அப்பாவும் அப்படிச் செய்திருக்கிறார். விடாமல், வீட்டுக்கு வந்து மத்தியானம் போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை மாற்றியும் எழும்புகிறார் என்றால் காலில் தேங்கின நீர்தான் இரவில் சலமாகிறது. பின்னேரம் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உயர்த்தி இருக்கவிடுங்கள். நீரில் ஒரு பங்கு படுக்க முதலே போய்விடும். அப்படி இருக்கும்போது மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு மேலே சொன்ன முதல் குறிக்குப் போங்கள்.

தண்ணீர்க் கட்டுப்பாட்டை நீங்களாக விதிக்க வேண்டாம். சிலருக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் என்று டொக்டர் எல்லை சொல்லுவார், எல்லோருக்கும் அது இல்லை. ஆவணி மாத வெயிலில் வயலுக்குப் போய் வருகிறவருக்குத் தண்ணீரையும் குறைத்து லாசிக்ஸும் கொடுத்தால் எழும்பி நிற்கும்போது தலை சுற்றி விழுவார். குடிப்பதைப் பகலில் குடிக்கட்டும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணியை மட்டும் வெட்டுங்கள். நீரிழிவு, புரஸ்டேட் இரண்டும் இதே குறியைக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு, மலசலகூடம். எங்களுடையது வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். இரவு ஒன்றரை மணிக்கு, பிரஷர் குளிசை போட்ட ஆள், அரை நித்திரையில், புடையன் கிடக்கிற முற்றத்தைத் தாண்டிப் போகிறார். விழுந்தால் இதயத்தைவிட இடுப்பெலும்புதான் முந்தும். கட்டிலுக்குக் கீழே மூடியுள்ள வாளி ஒன்றும், கட்டில் தலைமாட்டில் டோர்ச்சும் வையுங்கள். அப்பா வெட்கப்பட்டார். "நான் என்ன குழந்தையோ?" என்று இரண்டு கிழமை வாளியைத் தொடவில்லை. மாரி தொடங்கி முற்றம் சேறானதும் தானாகவே தொட்டார். எழும்பும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

"இருமல் நித்திரை கொள்ள விடுதில்லை"

படுத்தால் கூடி, இருந்தால் குறைகிற இருமல் என்றால் நீர். பகலும் இரவும் ஒரே மாதிரி, சளியில்லாமல், தொண்டைக்குள் மயிர் நின்றதுபோல் அரிக்கிற இருமல் என்றால் குளிசைப் பையைப் பாருங்கள். எனலாபிரில், கப்டோபிரில் என்று "பிரில்" என்று முடிகிற குளிசை சிலருக்கு இதைச் செய்யும். தொடங்கி மாதங்கள் கழித்தும் வரலாம். டொக்டரிடம் சொன்னால் அநேகமாக லோசார்டன் மாதிரி ஒன்றுக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம், இருமல் பாணியால் இதைக் கழுவவும் முடியாது. மூக்கடைப்புக்கு விற்கிற தடிமல் குளிசைகள் சில பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும், அவற்றை விட்டுவிடுங்கள்.

"மூச்சு நிண்டு நிண்டு வருது"

இதை நோயாளி சொல்லமாட்டார். பக்கத்தில் படுக்கிறவர்தான் சொல்வார். அம்மா சொன்னாள்: "அவருக்கு மூச்சு நிக்குதடா. நான் கையை மூக்கடியில வச்சுப் பாத்துப் பாத்துத்தான் படுக்கிறன்." எத்தனை மாதமாக என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஒரு இரவு கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மூச்சு மெதுவாகப் பெருக்கிறது, பெருத்துப் பெருத்து உச்சிக்கு வருகிறது, பிறகு அதேபோலக் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது செக்கன். நுளம்பு வலைக்கு வெளியே மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு ஒரு சின்ன இழுப்பு, திரும்பவும் பெருக்கத் தொடங்குகிறது. ஒரு சுற்று ஒரு நிமிடம் அளவில்.

டப்ளினில் வேலை செய்த செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு டொக்டர்கள் 1818-லும் 1854-லும் எழுதி வைத்த மூச்சு இது. இன்றும் அவர்கள் பெயரில்தான் சொல்கிறார்கள். இரணைமடு வாய்க்காலை நினைத்தால் காரணம் விளங்கும். கடைசி வயலுக்குத் தண்ணீர் காணாது என்ற செய்தி துரிசடிக்கு வந்துசேர நேரம் எடுக்கிறது. அவர்கள் கதவை முழுக்கத் திறக்கிறார்கள். போதும் என்ற செய்தியும் பிந்தித்தான் வருகிறது, அதற்குள் வயல் மூழ்கிவிட்டது, இப்போது முழுக்கப் பூட்டுகிறார்கள். இரத்தம் மெதுவாக ஓடுவதால் மூளைக்கும் மூச்சின் செய்தி இப்படித்தான் பிந்தி வருகிறது. கூடுதலாக மூச்சு விடச் சொல்லும், பிறகு அடியோடு நிறுத்தச் சொல்லும்.

மற்றது குறட்டை வகை. பலமாகக் குறட்டை, திடீரென்று அமைதி, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும் ஆனால் காற்றுப் போகாது, பிறகு ஒரு பெரிய குறட்டையோடு திறக்கும். தொண்டை அடைபடுவதால் வருவது. செய்ன்-ஸ்டோக்ஸில் நெஞ்சே அசையாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டு நிமிடம் கைபேசியில் வீடியோ எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட அது பத்து மடங்கு வேலை செய்யும். பக்கவாட்டில் படுப்பது இரண்டுக்கும் ஓரளவு உதவும். பலருக்கு இடப்பக்கம் படுத்தால் நெஞ்சுத் துடிப்புக் காதில் கேட்கும், அவர்கள் வலப்பக்கம் படுக்கட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, வெளிநாட்டில் சொந்தம் உள்ள எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான், தான் பாவித்த மூச்சு மெஷினைப் பெட்டியில் கட்டி அனுப்பினான். நல்ல மனம்தான். ஆனால் அந்த மெஷின்களில் பல வகை உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் தானாக அழுத்தத்தை மாற்றுகிற வகையை, ஈஎஃப் 45 அல்லது அதற்குக் கீழே இருந்த, செய்ன்-ஸ்டோக்ஸ் வகை உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. 1325 பேர். மூச்சு ஒழுங்கானது, ஆனால் இதயத்தால் இறந்தவர்கள் மெஷின் பாவித்த பக்கத்தில்தான் கூட. எங்கள் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. டொக்டர் பார்த்துச் சொல்லாமல் யாருடைய மெஷினையும் முகத்தில் மாட்ட வேண்டாம்.

"கால் உளையுது, வச்ச இடத்தில வைக்கேலாது"

பின்னேரம் தொடங்கும். காலுக்குள் எறும்பு ஊர்வது மாதிரி, உதறினால், நடந்தால் சுகம், படுத்தால் திரும்ப வரும். இரும்புச்சத்துக் குறைவில் இது வரும், இதயம் பலவீனமானவர்களில் பாதிப்பேர் அளவுக்கு இரும்புச்சத்துக் குறைவு உண்டு. இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதயநோயாளிக்கு இரும்புக் குளிசை அவ்வளவாக ஏறாது, நாளத்தில் ஏற்றுவது பற்றி அவர்கள் முடிவெடுப்பார்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பும் ஏறாமல் போகும். நித்திரைக்கு என்று பிரிட்டோன் (தடிமல், அரிப்புக்குத் தருகிற குளிசை) போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திப் பாருங்கள், அது இந்தக் கால் உளைவைக் கூட்டும்.

கெண்டைக்கால் கல்லுப்போல் இறுகி நோகிறது என்றால் அது வேறு. சலக் குளிசையால் உப்புச்சத்துகள் இறங்கியிருக்கலாம், இரத்தம் பார்க்க வேண்டும்.

"பயங்கரக் கனவு, கத்திக்கொண்டு எழும்புறார்"

மெட்டோபுரோலோல், கார்வெடிலோல் என்று "லோல்" என்று முடிகிற குளிசைகள் சிலருக்குக் கெட்ட கனவைத் தரும். தொடங்கிய அல்லது அளவு கூட்டிய பிறகு வந்த கனவு என்றால் சொல்லுங்கள், நேரத்தையோ குளிசையையோ மாற்றிப் பார்ப்பார்கள். சடாரென்று நிறுத்துவது ஆபத்து.

ஆனால் வன்னியில் ஐம்பது தாண்டிய ஆளுக்குக் கெட்ட கனவு வர குளிசை தேவையில்லை. 2009-ஐக் கடந்து வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். மூச்சுக்காக எழும்புவதையும் இதையும் பிரிக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மூச்சுக்கு எழும்பினால் அவர் கட்டிலில் இருந்து யன்னலைத் தேடுவார். கனவுக்கு எழும்பினால் எங்களைத் தேடுவார், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. அன்றைக்குத் தலையணையும் கூடியிருக்காது, காலும் வீங்கியிருக்காது. இதற்கும் சிகிச்சை உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் பேசலாம். இரண்டு கிளினிக் கொப்பியையும் இரு இடத்திலும் காட்டுங்கள். நித்திரைக்கும் மனதுக்கும் தருகிற சில குளிசைகள் மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும், இரண்டு டொக்டர்களுக்கும் மற்றவர் கொடுத்தது தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது தலையணை இரண்டு, சலத்துக்கு ஒரு தரம், நிறை ஏறவில்லை. வைகாசியில் மட்டும் விறாந்தைக் கதிரை திரும்பவும் கிறீச்சிடும். கொப்பியில் அந்த நாட்களுக்கு நேராக "கதிரை, மூச்சு நல்லம்" என்று எழுதிவிட்டு, நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.